சிங்கமா, மெர்லயனா? தேசிய விலங்கு குறித்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் உங்கள் மகன், உலக நாடுகளின் தேசிய விலங்குகளைப் பற்றிய ஒப்படைப்பில் சிங்கப்பூருக்கு நேராக, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட ‘மெர்லயன்’ என்று எழுதியிருக்கிறான். உங்கள் மாமனார் அதை அடித்துவிட்டுச் ‘சிங்கம்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால் இரண்டையும் சொல்லும் பட்டியல்கள் கிடைக்கின்றன. இவற்றில் எது சரி, ஒரு நாட்டுக்குத் தேசிய விலங்கு இன்னதென்று யார்தான் முடிவு செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுற்றுலா வழிகாட்டியாக இந்த ஊரைச் சுற்றிக் காட்டியவன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததுமே இந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு வடிவில் கேட்பார்கள்: “சிங்கப்பூர் என்கிறீர்களே, சிங்கம் எங்கே?”

பேரன் எழுதியதும் தாத்தா திருத்தியதும் இரண்டுமே சரியல்ல என்பதுதான் நேரான பதில். சிங்கப்பூர் எந்த விலங்கையும் தன் தேசிய விலங்காக அறிவித்ததில்லை. தேசிய மலர் உண்டு. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட் 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி அந்தத் தகுதியைப் பெற்றது. 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியச் சின்னங்கள் சட்டம், கொடி, தேசிய கீதம், அரசுச் சின்னம் ஆகியவற்றோடு உறுதிமொழி, தேசிய மலர், சிங்கமுகச் சின்னம் போன்றவற்றையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்திலும் தேசிய விலங்கு என்ற ஒன்று இல்லை. சிங்கமுகம் இருக்கிறதே என்று உங்கள் மாமனார் கேட்கக்கூடும். அது 1986இல் கொடிக்கும் அரசுச் சின்னத்துக்கும் மாற்றாகப் பொதுமக்களும் நிறுவனங்களும் பயன்படுத்துவதற்காக வரையப்பட்ட ஒரு குறியீடு. அதன் பிடரியில் உள்ள ஐந்து பிரிவுகள் கொடியிலுள்ள ஐந்து நட்சத்திரங்களின் அதே ஐந்து இலட்சியங்களைக் குறிக்கின்றன. ஒரு விலங்கின் உருவத்தைச் சின்னமாக வைத்துக்கொள்வது வேறு, அந்த விலங்கையே நாட்டின் விலங்கு என்று அறிவிப்பது வேறு. இணையப் பட்டியல்கள் தடுமாறுவதெல்லாம் இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான்.

உங்கள் மகனிடம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், நாணயம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 2013இல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயமாக இருக்க வேண்டும்; வெளி வளையம் பித்தளை நிறத்திலும் நடு வட்டம் வெள்ளி நிறத்திலும் இருக்கும். ஒரு பக்கத்தில் நீரைக் கக்கும் மெர்லயன். மறுபக்கத்தில் நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அதில் ‘சிங்கப்பூர்’ என்று நம் எழுத்திலும் இருக்கிறது. நடுவில் 1959ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசுச் சின்னம். பிறைநிலவும் ஐந்து நட்சத்திரங்களும் உள்ள கேடயத்தை ஒருபுறம் சிங்கமும் மறுபுறம் புலியும் எழுந்து நின்று தாங்குகின்றன. சிங்கம் சிங்கப்பூரைக் குறிக்கிறது. புலி மலேசியாவோடு நமக்குள்ள வரலாற்று உறவைக் குறிக்கிறது. ஆக, கைக்குள் அடங்கும் ஒரு நாணயத்தில் மூன்று உருவங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இந்தத் தீவில் ஒருபோதும் காட்டில் திரிந்ததில்லை. ஒன்று திரிந்து, மனிதரை அடித்து, கடைசியில் சுடப்பட்டது. மற்றொன்று மேசையில் வரையப்பட்டது.

சிங்கத்தின் கதை மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’விலிருந்து வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்ராவின் பாலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசர் சாங் நீல உத்தமா, அப்போது துமாசிக் என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவின் கரையில் இறங்கியபோது விரைந்தோடும் ஒரு விலங்கைக் கண்டார் என்றும், அதன் உடல் சிவப்பாகவும் தலை கறுப்பாகவும் மார்பு வெள்ளையாகவும் இருந்தது என்றும், அது ஆட்டுக்கடாவைவிடச் சற்றே பெரியது என்றும் அந்நூல் சொல்கிறது. இன்ன விலங்கு என்று யாருக்கும் தெரியவில்லை. முற்காலத்துச் சிங்கம் இப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டதாக உடனிருந்தவர் சொல்ல, இடத்துக்குச் சிங்கபுரம் என்ற பெயர் வந்தது. அது புலியாகத்தான் இருந்திருக்கும் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. கறுத்த தலையும் சிவந்த உடலும் உள்ள புலியை நான் எங்கும் கண்டதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு பெருமை வேண்டும் என்பதற்காக விலங்கைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிம்மாசனம், சிம்மவாகனம், அரிமா நோக்கு என்று சிங்கத்தைக் கண்ணால் காணாமலேயே மொழியில் வளர்த்த நமக்கு இது புரியாத செய்தியல்ல.

புலி அப்படியல்ல, அது உண்மையாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை அழித்து, தோல் பதனிட உதவும் காம்பியரும் மிளகும் பயிரிட்ட தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பலரைப் புலிகள் கொன்றன. நாளுக்கு ஒருவர் என்றுகூட அக்காலத்தில் பேசிக்கொண்டார்கள். அதில் மிகை இருக்கலாம், ஆனால் புலியைக் கொன்று கொண்டுவருபவர்களுக்கு அரசாங்கம் பரிசுப் பணம் கொடுத்தது. 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் சுடப்பட்ட புலியின் கதையைச் சுற்றுலாப் பயணிகள் மிகவும் விரும்பிக் கேட்பார்கள். ஆனால் அது காட்டுப்புலியல்ல, அருகே நடந்த ஒரு விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் வட்டாரத்தில் சுடப்பட்டது. இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளும் எம்ஆர்டி ரயில் நிலையமும் இருக்கின்றன.

மெர்லயனுக்கு வயது அறுபதைச் சற்றே தாண்டியிருக்கிறது. அப்போதிருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் காப்பாளர் அலெக் ஃபிரேசர் பிரன்னர், சுற்றுலா மேம்பாட்டுக் கழகத்துக்கான சின்னமாக 1964இல் அதை வரைந்தார். மீன்களோடு பழகியவர் சிங்கத்துக்கு மீன்வால் வைத்ததில் வியப்பில்லை; தலை சிங்கபுரம் என்ற பெயரையும், வால் துமாசிக் என்ற கடலோர மீனவ ஊரையும் குறிக்கும் என்பது விளக்கம். சிற்பி லிம் நாங் செங் செய்த, 8.6 மீட்டர் உயரமும் சுமார் 70 டன் எடையும் கொண்ட சிலையை 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் திறந்துவைத்தார். 1997இல் கட்டிமுடிக்கப்பட்ட எஸ்பிளனேட் பாலம் கடலிலிருந்து பார்க்க முடியாதபடி அதை மறைத்துவிட, 2002இல் 120 மீட்டர் தள்ளி இப்போதுள்ள இடத்துக்கு நகர்த்தினார்கள். செந்தோசாவில் அதைவிடப் பெரிதாக, 37 மீட்டர் உயரத்துக்கு எழுந்த மற்றொரு மெர்லயன் 2019இல் இடிக்கப்பட்டது. நாட்டின் விலங்காக இருந்தால் அவ்வளவு எளிதில் இடித்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் என்னிடம் இதைக் கேலி செய்தது நினைவிருக்கிறது. நம்மவர்கள் யாரும் கேலி செய்வதில்லை. மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் யாளித் தூண்களுக்கு நடுவே நடந்து பழகியவர்களுக்குச் சிங்கத் தலையும் வேறு உடலும் சேர்ந்திருப்பது இயல்பான காட்சிதான்.

இனி மற்ற நாடுகள். இந்த வேலையை மிகத் தெளிவாகச் செய்த நாடு, என் கணிப்பில், நம் அண்டை நாடான இந்தோனேசியா. 1993இல் வெளியிட்ட அதிபர் ஆணையொன்றில் மூன்று உயிரினங்களுக்கு மூன்று தகுதிகளைத் தனித்தனியாக வழங்கினார்கள். கொமோடோ உடும்பு ‘தேசிய விலங்கு’. காலிமந்தானின் சிவப்பு அரோவானா ‘கவர்ச்சி விலங்கு’. ஜாவாப் பருந்து ‘அரிய விலங்கு’. கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் முதலிய சில தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத, மூன்று மீட்டர் வரை வளரும் அந்த உடும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு விளக்கமே தேவையில்லை. பருந்தின் கதைதான் சுவையானது. இந்தோனேசியாவின் அரசுச் சின்னம் கருடன். அதன் ஒவ்வொரு சிறகிலும் 17 இறகுகள், வாலில் 8, கழுத்தில் 45. விடுதலை அறிவித்த 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதியைப் பறவையின் உடலிலேயே எழுதிவிட்டார்கள். கருடனைக் காட்டில் காண முடியாது என்பதால், அதற்கு மிக நெருங்கிய சாயலுள்ள கொண்டைப் பருந்தைத் தேடிப்பிடித்து அதற்கும் ஒரு தகுதி கொடுத்தார்கள். சிவப்பு அரோவானாவை நீங்கள் இங்கேயே பார்த்திருப்பீர்கள்; கடைத்தொகுதிகளிலும் சீன உணவகங்களிலும் பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒற்றையாக, மேல்மட்டத்தில் மெல்ல நீந்திக்கொண்டிருக்கும். காட்டில் அழியும் நிலையில் இருப்பதால், பதிவு பெற்ற பண்ணையில் பிறந்த மீனை மட்டுமே வெளிநாட்டுக்கு விற்க முடியும். மீனின் உடலுக்குள் ஒரு மின்னணுச் சில்லும், கையில் அதற்கான சான்றிதழும் இருக்க வேண்டும்.

தாய்லாந்தில் யானைக்கு அந்த இடம் பழைய வழக்கிலேயே இருந்தது. 1917 வரை சயாமின் கொடியே சிவப்புப் பின்னணியில் நின்ற வெள்ளை யானைதான். அமைச்சரவை அதை முறைப்படி தேசியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது 2001இல். 2019இல் சண்டை மீனும் தேசிய நீர்வாழ் உயிரினமானது. இந்த யானையைக் காண பேங்காக் போக வேண்டியதில்லை. பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு, அதாவது இன்றைய கலை இல்லத்துக்கு முன்னால், உயர்ந்த பீடத்தின்மேல் கறுத்த வெண்கல யானை ஒன்று நிற்கிறதல்லவா, அது மன்னர் சூலாலங்கோன் கொடுத்த பரிசு. 1871ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி அவர் இங்கே வந்திறங்கினார். சயாமிய மன்னர் ஒருவர் கால்வைத்த முதல் வெளிநாட்டு மண் சிங்கப்பூர் என்று பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். முதலில் நகர மண்டபத்துக்கு முன் நின்ற அந்த யானையை, ராஃபிள்ஸ் சிலைக்கு இடம் வேண்டும் என்று 1919இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நான் அழைத்துச் செல்லும் குழுவினர் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் ஆற்றங்கரைக்கு விரைவார்கள். நிறுத்திக் காட்டினால்தான் படமெடுப்பார்கள்.

மலேசியாவின் அரசுச் சின்னத்தில் இரண்டு புலிகள் எழுந்து நிற்கின்றன. காற்பந்துக் குழுவுக்கும் ‘ஹரிமாவ் மலாயா’ என்றே பெயர். காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்பதுதான் அங்கே அண்மையில் நடந்த தேசியக் கணக்கெடுப்பின் முடிவு. பிலிப்பீன்சில் எல்லாரும் தேசிய விலங்கு என்று சொல்லும் கராபாவ் எருமைக்குச் சட்ட ஆதாரம் கிடையாது, ஆனால் குரங்குண்ணிக் கழுகுக்கு 1995ஆம் ஆண்டு அதிபர் பிரகடனம் உண்டு. அந்தக் கழுகில் ஓரிணையை 2019இல் நம் பறவைப் பூங்காவுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். சீனாவின் நிலை நமக்கு நெருக்கமானது. பாண்டாவைத்தான் உலகம் சீன விலங்கு என்கிறது. சீன அரசுச் சின்னத்திலோ தியானன்மென் வாயிலும் நட்சத்திரங்களும் கதிர்களும் பற்சக்கரமும் மட்டுமே இருக்கின்றன, ஒரு விலங்கும் இல்லை. பாண்டாவை அவர்கள் அறிவிப்பாகவல்லாமல் தூதாகப் பயன்படுத்துகிறார்கள். 2012இல் கை கையும் ஜியா ஜியாவும் நமக்கு இரவலாக வந்தன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி இங்கே பிறந்த லெ லெ, ஒப்பந்தப்படி 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டது. பிறந்த மண் இதுவானாலும் உரிமை அவர்களுடையது.

சட்டம் போட்டு அறிவித்த நாடுகளில் கனடாவின் சட்டத்தைப் போலச் சுருக்கமானதை நான் கண்டதில்லை. 1975ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ஒப்புதல் பெற்ற அது, பீவர் கனடாவின் இறையாண்மையின் சின்னம் என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பற்களால் மரத்தை வெட்டி நீரோடைகளில் அணை கட்டும் அந்த விலங்கின் மென்மயிர்தான் ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிக்குப் போயிற்று. அந்த வணிகத்தைப் பின்தொடர்ந்துதான் கனடாவில் வெள்ளையர் குடியேற்றம் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. கொன்று குவித்த விலங்கையே பிறகு சின்னமாக்குவது இந்தத் துறையில் அரிதல்ல. அமெரிக்காவின் காட்டெருமை அதற்கு இன்னும் கொடிய எடுத்துக்காட்டு. கோடிக்கணக்கில் சமவெளிகளை நிறைத்திருந்த அந்த இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது; 2016ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்டபோது அது தேசியப் பாலூட்டி ஆயிற்று. வெண்தலைக் கழுகுக்கு நேர்ந்தது வேறு. 1782 முதல் அமெரிக்க அரசு முத்திரையில் இருந்த அந்தக் கழுகைத் தேசியப் பறவை என்று சட்டம் சொன்னது 2024 டிசம்பரில்தான். இடையிலிருந்த 242 ஆண்டுகளும் எல்லாரும் அதைத் தேசியப் பறவை என்றே எழுதினார்கள், பாடநூல்கள் உட்பட. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டும் 1784இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், பிற பறவை பிடித்த மீனைப் பறித்துத் தின்னும் கழுகைவிட வான்கோழி மேல் என்று குறைபட்டுக்கொண்டார்.

அரசியல் சாசனத்திலேயே விலங்கை எழுதிய நாடு நேப்பாளம். 2015ஆம் ஆண்டுச் சாசனத்தில் பசு தேசிய விலங்கு என்றும் டாம்பே என்னும் மலைக்கோழி தேசியப் பறவை என்றும் இருக்கிறது. பூட்டானின் தேசிய விலங்கான தாக்கின் பாதி ஆடாகவும் பாதி மாடாகவும் தோன்றும். துருக்பா குன்லே என்ற துறவி, விருந்தில் உண்டு முடித்த ஆட்டின் தலையை மாட்டின் எலும்புக்கூட்டில் பொருத்தி உயிர்கொடுத்தார் என்று அங்கே கதை சொல்கிறார்கள். ஒருமுறை திம்பு நகரத்துச் சிறு விலங்குக்காட்சி சாலையை மூடித் தாக்கின்களைக் காட்டில் விட்டபோது, அவை போகாமல் தெருக்களில் திரிந்தனவாம். வேறு வழியின்றி அவற்றுக்கு வேலியிட்ட காப்பிடம் ஒன்றை அமைத்தார்கள்.

ஐரோப்பாவில் சிங்கத்துக்குக் கணக்கே இல்லை. இங்கிலாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், நார்வே எல்லாம் சிங்கத்தை வைத்திருக்கின்றன. அவை போர்க்கேடயத்தில் வரைந்த சிங்கங்கள். ஆளைக் கவசம் மறைத்திருக்கும் களத்தில் யார் எந்தப் பக்கம் என்று அறிய வரைந்த அடையாளம் பரம்பரைச் சின்னமாயிற்று. இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள் முதலாம் ரிச்சர்டின் 1198ஆம் ஆண்டு முத்திரையில் இருக்கின்றன. ஃபின்லாந்து மட்டும் சிங்கத்தை அரசுச் சின்னத்தில் வைத்துக்கொண்டு, தேசிய விலங்கு என்று கரடியைச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்குக் கொம்புக்குதிரை, வேல்சுக்குச் சிவப்புப் பறவைநாகம். பிரான்சின் சேவல் ஒரு சொல்விளையாட்டு. பிரான்சின் பழங்குடிகளான கால் (Gaul) நாட்டவரையும் சேவலையும் குறிக்க லத்தீனில் ஒரே சொல்தான்.

இல்லாத விலங்கையும் இருந்து மறைந்த விலங்கையும் வைத்திருக்கும் நாடுகள் என் மனத்தில் வேறு விதமாக நிற்கின்றன. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைக் கண்டு மகிழ்கிறோம். அந்நாட்டின் அரசுச் சின்னத்தை ஒருபுறம் மானும் மறுபுறம் டோடோவும் தாங்குகின்றன. புறா இனத்தைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத அந்தப் பெரும்பறவை, டச்சுக்காரர்கள் 1598இல் வந்திறங்கிய பிறகு நூறு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. மனிதர் அடித்துத் தின்றது ஒரு பங்கு, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டையைத் தின்றது பெரும்பங்கு. கம்போடியாவின் கூப்ரே என்னும் காட்டுமாடு 1937இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று, அதுவும் பாரிசின் வான்சென் விலங்குக்காட்சி சாலையிலிருந்த ஒரு கன்றின் மூலம். 1960களில் இளவரசர் சிஹானூக் அதைத் தேசிய விலங்கு என்று அறிவித்தார். பிறகு போர், 1980களுக்குப் பின் அதை உயிரோடு பார்த்ததற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இதற்கு மாறாக, வளைகுடாவில் வேலை பார்த்து வந்தவர்கள் விமானத்தின் வாலில் கண்டிருக்கும் ஓரிக்ஸ் மான் ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1972இல் ஓமானில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ் சுடப்பட்டது. அதற்குள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சி சாலையில் ஒரு சிறு மந்தையைச் சேர்த்து வளர்த்திருந்ததால், 1982இல் ஓமான் பாலைவனத்தில் மறுபடி விட முடிந்தது. கத்தார், ஓமான், ஐக்கிய அரபுச் சிற்றரசுகள் என்று பல நாடுகள் ஒரே மானைச் சொந்தம் கொண்டாடுவதற்கு இந்த மீட்பும் ஒரு காரணம் என்பேன்.

விலங்குக்கும் அரசியல் கறை படியும். தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பொக் மான் 1906 முதல் ரக்பி குழுவின் பெயராக இருந்தது. நிறவெறிக் காலத்தில் அது வெள்ளையர் விளையாட்டின் முத்திரையாகவே மாறிவிட்டது. விடுதலைக்குப் பின் மற்ற விளையாட்டுக் குழுக்கள் புரோட்டியா மலருக்கு மாறியபோது, ரக்பியில் மட்டும் மான் தங்கியது. 1995ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நெல்சன் மண்டேலா அந்தச் சட்டையை அணிந்து நின்றதும் அந்த மான் பிழைத்திருக்க உதவியது.

இந்தியாவைப் பற்றி உங்கள் மாமனார் கட்டாயம் கேட்பார். அங்கே அரசுச் சின்னம் சாரநாத்தின் அசோகத் தூணிலிருந்து எடுத்த சிங்கங்கள். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி முதல் அதுதான். ஒரு காலத்தில் சிங்கமே தேசிய விலங்காகவும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில், வேட்டையால் புலிகள் குறைந்துபோன அச்சத்தில், அந்த இடம் புலிக்குப் போயிற்று; 1973 ஏப்ரல் முதல் தேதி புலிகள் பாதுகாப்புத் திட்டமும் தொடங்கியது. 2022 கணக்கெடுப்பில் சராசரி மதிப்பீடு 3,682 புலிகள். குஜராத்தின் கிர் பகுதியில் சிங்கங்களும் 2025இல் 891 ஆக உயர்ந்திருக்கின்றன என்பதால், பதவி இழந்தவருக்கும் நலமே. மயில் 1963 முதல் தேசியப் பறவை. கங்கை ஓங்கிலும் யானையும் பின்னர் வெவ்வேறு தகுதியில் சேர்ந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. சங்கப் பாடல்களின் ‘வருடை’ இதுதான் என்பர். சோழர் புலி, பாண்டியர் மீன், சேரர் வில் என்று பட்டியலிடும் மரபு நம்மிடம் உண்டு. அந்தக் காலத்தில் கொடியில் பொறித்தது அரச குலத்தின் இலச்சினை; நாட்டு மக்கள் எல்லாருக்கும் உரிய விலங்கு என்ற எண்ணம் பிற்காலத்தது. உங்கள் மகன் எழுதும்போது இதை அதனோடு கலக்க வேண்டாம். இலங்கையின் கொடியில் வாளேந்திய சிங்கம் இருப்பதும் இலச்சினை வழியாக வந்ததுதான். தேசியப் பறவை என்று அங்கே சொல்வது அத்தீவுக்கே உரிய காட்டுக்கோழியை.

ஒப்படைப்புக்கு ஒரு நடைமுறை யோசனை. நாட்டின் பெயர், விலங்கு என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்து, ‘எங்கே எழுதியிருக்கிறது’ என்று தலைப்பிடச் சொல்லுங்கள். நேப்பாளத்துக்கு நேரே ‘அரசியல் சாசனம்’, கனடாவுக்குச் ‘சட்டம்’, இந்தோனேசியாவுக்கு ‘அதிபர் ஆணை’, ஆஸ்திரேலியாவின் கங்காருவுக்கு ‘அரசுச் சின்னம்’, சீனாவின் பாண்டாவுக்கு ‘வழக்கம்’ என்று வரும். சிங்கப்பூருக்கு நேரே, ‘அறிவிக்கவில்லை, அரசுச் சின்னத்தில் சிங்கமும் புலியும் உள்ளன’ என்று எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க வழியில்லை. மெர்லயனைப் பற்றிக் கீழே ஒரு குறிப்புப் போதும்.

அறிவிப்பதென்றால் எதை அறிவிக்கலாம் என்று அவன் கேட்டால், பீஷான் பூங்காவின் நீர்நாய்களைத்தான் பலரும் சொல்வார்கள். கலாங் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக மீன் பிடிக்கும் அவற்றுக்கு இந்நாட்டில் ரசிகர் கூட்டமே உண்டு. என் வாக்கு வேறொன்றுக்கு. கறுத்த உடலும் தொடையில் வெள்ளைக் கோடும் கொண்ட இலையுண்ணிக் குரங்கு ஒன்று இருக்கிறது. ராஃபிள்ஸ் பெயரால் அழைக்கப்படும் அது, 1838இல் இந்தத் தீவிலிருந்தே அறிவியலுக்கு முதன்முதலில் விவரிக்கப்பட்டது. இங்கே எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு. பழைய அப்பர் தாம்சன் சாலையில் காலை நேரம் நடந்தால், வாகனங்களுக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் கயிற்றுப் பாலத்தைக் காணலாம். அவை சாலையைக் கடப்பதற்காகப் பூங்காக் கழகம் 2019இல் கட்டியது. பள்ளி விடுமுறையில் உங்கள் மகனை அங்கே அழைத்துச் செல்லுங்கள், மாமனாரையும் கூடவே. குரங்குகள் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஏழரை மணிக்கு முன்பே போய்விடுங்கள், கையில் தின்பண்டம் எதுவும் வேண்டாம்.